கிருமி போய்விட்டது, அம்மா முழுசாகத் திரும்பவில்லை: மறதி நோயும் அழற்சியும்

உவர்மலைக்காரி (திங்கள், இரவு 10.12)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருசமாக இங்கே சும்மா வாசித்துக்கொண்டிருந்தவள்தான். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அம்மாவுக்கு 83 வயது. 1942 ஏப்ரலில் யப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்டபோது அம்மம்மா இவரை வயிற்றில் சுமந்துகொண்டு தம்பலகாமத்துக்கு ஓடினாராம். மூன்று வருசத்துக்கு முதல் கொழும்பில் காட்டி, ஸ்கான் எல்லாம் எடுத்து, அல்சைமர் என்று சொன்னார்கள். இரவில் ஒரு டொனெபெசில், மறதிக்குக் கொடுக்கிற குளிசை. அதோடு மெல்ல மெல்லத்தான் போய்க்கொண்டிருந்தது. லோஞ்ச்சில் (கடலால் போகிற மோட்டார்ப் படகு) போய் மூதூரில் படிப்பித்த ரீச்சர் என்பதால் விடிய எழும்பியதும் "லோஞ்ச் போயிட்டுதோ?" என்று கேட்பார். "இண்டைக்கு லீவு அம்மா" என்றால் போதும், பிளேன்ரீயைக் குடித்துவிட்டு இருந்துவிடுவார். முருங்கை இலை ஆய்வது அவருடைய வேலை. சுளகில் போட்டுக் கொடுத்தால் ஒரு மணித்தியாலம் சத்தமில்லாமல் ஆய்ந்து தருவார்.

போன மாதம் கச்சான் காற்று தொடங்கிய கிழமை, இரண்டு நாள் சாப்பாடு வேண்டாம் என்றார். பகல் முழுக்க நித்திரை. இரவில் உடுப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். "அலுமாரிக்குப் பக்கத்தில மான் நிக்குது, கலை" என்றார். எங்கள் ஊரில் மான் ரோட்டில் நிற்பது புதினம் இல்லை, ஆனால் அறைக்குள் ஏது? தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. வருத்தம் கூடிவிட்டதாக்கும் என்று மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டேன். நாலாம் நாள் கட்டிலால் விழுந்தார். முதலில் கொண்டுபோன இடத்தில் "வயசு போனால் அறளை பெயரும்தானே" என்று நித்திரைக் குளிசை எழுதி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் வேறொரு டொக்டர் சலமும் இரத்தமும் சோதித்தார். சிஆர்பி (உடம்பில் அழற்சியைக் காட்டுகிற இரத்த அளவு) எக்கச்சக்கம். சலத்தில் கிருமி. வார்ட்டில் வைத்து அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். ஒரு கிழமையில் அலட்டல் நின்றது, மானும் போய்விட்டது.

அம்மா மட்டும் முழுசாக வரவில்லை. எங்கள் பெயர்கள் திரும்பி வந்தன. லோஞ்ச் திரும்பி வந்தது. முருங்கை இலை வரவில்லை. சுளகைக் கொடுத்தால் காம்பைச் சட்டிக்குள் போடுகிறார், இலையை நிலத்தில் போடுகிறார். காய்ச்சல்கூடக் காட்டாத ஒரு சலக்கிருமி இவ்வளவும் செய்யுமா?

கனடாவில் இருக்கிற அண்ணா, "அல்சைமர் என்றால் மூளையில் அழற்சி, நெருப்புப் பிடித்த மாதிரி. டைக்குளோபினாக் மாதிரி ஒரு வலிக்குளிசையை நாளாந்தம் கொடு, மஞ்சள் குளிசையும் அனுப்புறன்" என்கிறார். கொடுக்கலாமா? கொடுத்துப் பார்த்த யாராவது இருக்கிறீர்களா?

பழைய வார்ட் மிஸ் (திங்கள், இரவு 10.58)

பிள்ளை, டைக்குளோபினாக்கைத் தொடவே வேண்டாம். இந்த வயசில் அது இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும். போதாக்குறைக்கு டொனெபெசில் இரைப்பை அமிலத்தைக் கூட்டுகிற மருந்து. இரண்டும் சேர்ந்தால் கசிவுக்கு இன்னும் வசதி. எந்த வலிக்குளிசையும் டொக்டரைக் கேட்காமல் தொடர்ந்து கொடுக்காதேயுங்கோ.

அடுத்தது, அம்மாவுக்கு அந்த நாலு நாளும் வந்தது அறளை இல்லை. அதற்கு டிலீரியம் என்று பெயர். அறளை மாதக்கணக்கில், வருசக்கணக்கில் ஊர்ந்து வரும். டிலீரியம் மணிக்கணக்கில் வந்து விழும். காலையில் தெளிவு, பின்னேரம் கலக்கம், இரவில் மான், பாம்பு, செத்துப்போன ஆக்கள். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர்களுக்குத்தான் இது லேசில் வரும், வந்த பிறகு நோயின் வேகமும் கூடும். முப்பது வருசம் வார்ட்டில் நின்றவள், நித்திரைக் குளிசை எழுதி அனுப்பினார்கள் என்று வாசிக்கக் கை துடித்தது. கலக்கத்தில் இருக்கிற வயசாளிக்கு அது கலக்கத்தைக் கூட்டுகிற சாமான்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. வீட்டில் தடிமனுக்குப் பிரிட்டன் (Piriton, அலர்ஜிக் குளிசை) கொடுக்கிற பழக்கம் இருக்கா?

உவர்மலைக்காரி (திங்கள், இரவு 11.20)

இருக்கு மிஸ். இருமினால் இரவில் ஒன்று கொடுப்பேன், நல்லாப் படுப்பா என்று.

பழைய வார்ட் மிஸ் (திங்கள், இரவு 11.31)

நிப்பாட்டுங்கோ. டொனெபெசில் மூளையில் எந்த இரசாயனத்தைக் கூட்டப் பார்க்கிறதோ, அதன் வேலையைத்தான் பிரிட்டன் தடுக்கிறது. ஒரு கையால் ஊற்றி மறு கையால் இறைக்கிற கதை. உங்களில் பிழை இல்லை, பாமசியில் கச்சான் கொட்டை மாதிரி எண்ணித் தருகிறார்கள்.

மடத்தடி வாத்தி (செவ்வாய், காலை 6.05)

விஞ்ஞானம் படிப்பித்து ஓய்ந்தவன், டொக்டர் இல்லை. ஆனால் இந்த விசயத்தை வீட்டுத் தேவைக்காகக் கொஞ்சம் ஆழமாக வாசித்திருக்கிறேன். (என் மனைவிக்கும் இதே வருத்தம்.)

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: செய்யும். இங்கிலாந்தில் சவுதாம்டனில் கிளைவ் ஹோம்ஸ் குழுவினர் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அல்சைமர் உள்ள 300 பேரை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இடையில் கிருமித்தொற்றுப் போல ஏதாவது வந்து உடம்பில் அழற்சி கிளம்பியவர்களுக்கு, ஒன்றும் வராதவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அறிவுத்திறன் இறங்கியது. டிஎன்எஃப் என்று ஓர் அழற்சிப் புரதம் இருக்கிறது. தொடக்கத்திலேயே அது இரத்தத்தில் கூடியிருந்தவர்களுக்கு நாலு மடங்கு.

கிருமி மூளைக்குப் போகவில்லை, சலப்பையிலேயேதான் நின்றது. அங்கிருந்து மேலே போனது செய்திதான். உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டும்போது டிஎன்எஃப், இன்டர்லூக்கின் போன்ற சைட்டோகைன் என்கிற செய்திப் புரதங்களை விடும். அவை இரத்த வழியாகவும், வயிற்றிலிருந்து மூளைக்குப் போகிற வேகஸ் நரம்பு வழியாகவும் "கீழே சண்டை" என்று அறிவிக்கும். நமக்குக் காய்ச்சல் வந்தால் யாரோடும் கதைக்கப் பிடிக்காமல், ஒரு கணக்குக்கூடக் கூட்ட முடியாமல் சுருண்டு படுக்கிறோமே, அது இந்த அறிவிப்பின் வேலைதான்.

செய்தியைப் பெற்றுக்கொள்ளும் ஆட்கள் மைக்ரோகிளியா என்ற கலங்கள். 1919இல் ஸ்பெயின்காரர் ரியோ ஹோர்டேகா பிரித்துக் காட்டியவை. மூளைக்குள் குப்பை அள்ளுவதும் காவல் பார்ப்பதும் இவைதான். மாணவர்களுக்கு நான் வீட்டு நாயை வைத்துச் சொல்வேன். சாதாரண நாள் என்றால் படுத்திருக்கும், காது மட்டும் ஆடும். கள்ளன் வந்துபோன வீட்டு நாயைப் பாருங்கள், ஓலை விழுந்தாலும் பாயும். அல்சைமர் மூளையில் கள்ளன் வந்துபோனதோடு நிற்கவில்லை, வளவுக்குள்ளேயே குடியிருக்கிறான். அமிலொயிட் என்ற புரதத்தின் படிவுகளைத்தான் சொல்கிறேன். அந்த நாய் வருசக்கணக்காக நித்திரை இல்லாமல் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு சத்தம், அதாவது சலக்கிருமி. மற்ற வீடுகளில் இரண்டு குரைப்போடு அடங்கிவிடும். இங்கே அது சொந்த வீட்டுப் பிள்ளையையே கடிக்கிறது.

கடிபடுவது நரம்பிணைப்பு, ஒரு நரம்புக்கலம் இன்னொன்றோடு கதைக்கிற இடம். மறதியின் அளவோடு அதிகம் பொருந்திப் போவது படிவுகளின் எண்ணிக்கை இல்லை, அழிந்துபோன நரம்பிணைப்புகளின் எண்ணிக்கை என்று 1991இலேயே ரொபர்ட் டெரி குழுவினர் காட்டிவிட்டார்கள். 2016இல் பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர் எலிகளில் பார்த்தது இன்னும் ஒரு படி கிட்ட. படிவுகள் கட்டிக்கொள்வதற்கு முன்பே, காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் போய் நரம்பிணைப்பில் ஒட்டுகின்றன, மைக்ரோகிளியா அதை அடையாளமாக எடுத்து விழுங்குகிறது. பிள்ளைப் பருவத்தில் தேவையற்ற இணைப்புகளைக் கவ்வாத்துப் பண்ணுகிற அதே முறைதான். வயசு போன காலத்தில் தேவை இல்லாமல் திரும்ப நடக்கிறது.

அம்மாவின் பெயர்கள் திரும்பி வந்தன, இலை ஆய்வது வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். திரும்பி வந்தது சத்தத்தில் அமுங்கிக் கிடந்தது. வராதது கடிபட்டது. இது என் ஊகம், எந்த ஸ்கானிலும் இதைப் பார்க்க முடியாது.

சந்தேகப் பிராணி (செவ்வாய், காலை 8.44)

வாத்தியார் நல்லாச் சொன்னீர்கள். ஆனால் இந்தக் காலத்தில் மூட்டுவலிக்கும் அழற்சி, மன அழுத்தத்துக்கும் அழற்சி, தலைமயிர் கொட்டினாலும் அழற்சி. வீடு எரிந்தால் தீயணைப்புப் படை வந்து நிற்கும். நிற்கிறார்கள் என்பதற்காக அவர்கள்தான் கொளுத்தினார்கள் என்பீர்களா? அல்சைமர் மூளையில் அழற்சி தெரிந்தால் அது விளைவாக இருக்கலாமே.

மடத்தடி வாத்தி (செவ்வாய், காலை 9.30)

நல்ல கேள்வி. கனகாலம் எல்லாரும் நீங்கள் சொன்ன மாதிரித்தான் நினைத்தார்கள். 1989இல் சூ கிரிஃபின் குழுவினர் அல்சைமர் மூளையில் இன்டர்லூக்கின்-1 கூடியிருப்பதைக் காட்டியபோதும், விளைவுதானே என்று விட்டுவிட்டவர்கள் அதிகம்.

2012 கடைசியில் ஒரு திருப்பம். ட்ரெம்2 என்ற மரபணுவில் ஓர் அரிதான மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. மூளைக்குள் அந்த மரபணு வேலை செய்வது முக்கியமாக மைக்ரோகிளியாவில். பிறக்கும்போதே கூட வருகிற மரபணு எழுபது வயசில் வருகிற நோயின் விளைவாக இருக்க முடியாதுதானே? அப்போ தீயணைப்புப் படைக்கும் எரிவதில் பங்கு இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாற்றம் மைக்ரோகிளியாவைச் சோம்பேறி ஆக்குகிறது. படிவைச் சுற்றிப் போய் அடைத்து நிற்க அதனால் முடிவதில்லை. அதாவது நாய் கடித்தாலும் சிக்கல், நித்திரை கொண்டாலும் சிக்கல். "அழற்சியை அணை" என்பது அவ்வளவு லேசான வேலை இல்லை என்பது இதனால்தான்.

தம்பலகாமத்துப் பேரன் (செவ்வாய், பகல் 12.15)

எங்கட பெரியம்மாவுக்கு 88. முடக்குவாதம், மூட்டெல்லாம் வீங்கி வலிக்கிற வருத்தம். நாற்பது வயசிலிருந்து புரூபன் விழுங்கிய மனுசி. இன்றைக்கும் நெல் வித்த காசை ஒரு சதம் பிசகாமல் எண்ணுவா, எனக்குத் தந்த கடனையும் மறக்கமாட்டா. அப்போ வலிக்குளிசையில் ஏதோ இருக்கத்தானே வேணும்?

மடத்தடி வாத்தி (செவ்வாய், பகல் 1.02)

தம்பி, உங்கள் பெரியம்மாவைப் பார்த்து உங்களுக்கு வந்த யோசனை 1990இல் வன்கூவரில் பட்ரிக் மக்கீயருக்கும் வந்தது. முடக்குவாதக்காரரிடம் அல்சைமர் குறைவாக இருக்கிறதே என்று. 2001இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 55 வயசுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 7,000 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இரண்டு வருசத்துக்கு மேல் இந்தக் குளிசைகள் எடுத்தவர்களுக்கு அல்சைமர் அபாயம் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள்.

பிறகு உண்மையான பரீட்சை வந்தது. ஒரு பகுதிப் பேருக்குக் குளிசை, இன்னொரு பகுதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மா, யாருக்கு எது என்று ஒருவருக்கும் தெரியாது. ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு நப்ரொக்சன், ரொபிகொக்சிப் என்ற வலிக்குளிசைகளை ஒரு வருசம் கொடுத்துப் பார்த்ததில், 2003இல் வந்த முடிவு: வேகம் குறையவில்லை. நோய் வராதவர்களுக்கு முற்காப்பாக, 70 வயசும் அதற்கு மேலும் உள்ள 2,500க்கும் அதிகமானவர்களில் செய்த பரீட்சையை இதயத்துக்கு ஆபத்து என்ற பயத்தில் 2004 டிசம்பரில் நிறுத்தினார்கள். அதிலும் காப்பு எதுவும் தெரியவில்லை. பிரட்னிசோன் என்ற ஸ்டீரொயிட்டும் 2000இல் தோற்றது. மினோசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக்கை 544 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் ஒன்றும் செய்யவில்லை.

ஏன் என்பதற்கு என் கருத்து இது: இந்தக் குளிசைகள் தடுப்பது கொக்ஸ் என்ற நொதியை, கடிக்கிற நாயை இல்லை. பரீட்சைக்கு வந்தவர்களில் பலருக்கு நோய் உள்ளே இருபது வருசமாக வேர்விட்டிருக்கும். மூன்றாவது, ரொட்டர்டாம் கணக்கிலேயே ஒரு பொறி இருக்கலாம். மறதி எட்டிப் பார்க்கிற ஆள் குளிசை எடுக்கவும் மறப்பார், வலி என்று சொல்லவும் மறப்பார்.

பெரியம்மா நீடூழி வாழட்டும். கடனைக் கொடுத்துவிடுங்கள்.

சித்த வழி (செவ்வாய், பின்னேரம் 4.40)

ஆங்கில மருந்து எல்லாம் தோற்றது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். மஞ்சள் நம் முன்னோர் கண்ட அழற்சி நீக்கி. தினமும் பாலில் ஒரு தேக்கரண்டி, வாரம் ஒருமுறை கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணற்று நீர்க் குளிப்பு. நம்பிக்கைதான் முக்கியம்.

பழைய வார்ட் மிஸ் (செவ்வாய், பின்னேரம் 5.10)

கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, வெளியே போய்வந்தால் மனுசி சந்தோசப்படும். நிலம் வழுக்கும், இரண்டு பக்கமும் பிடிக்க ஆள் வேண்டும். பாலில் மஞ்சளும் கறியில் மஞ்சளும் தாராளமாக.

குளிசை வேறு கதை. மஞ்சளில் உள்ள குர்குமின் குடலால் இரத்தத்துக்கு ஏறுவது சொற்பம். அல்சைமர் உள்ள 36 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு பரீட்சையில் பலன் தெரியவில்லை. நோய் இல்லாத 40 பேரில், நன்றாக உறிஞ்சும்படி செய்த குர்குமினை ஒன்றரை வருசம் கொடுத்த 2018 ஆய்வில் ஞாபகசக்தி கொஞ்சம் கூடியதாக வந்தது. நாற்பது பேர் என்பது ஒரு வார்ட்டுக்குக் கூடக் காணாது. அப்படிச் செறிவாக்கிய குளிசைகளால் ஈரல் பழுதானவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். அண்ணா ஆசையோடு அனுப்பினால் வாங்கி வையுங்கோ, கிளினிக்கில் காட்டாமல் திறக்காதேயுங்கோ.

கிண்ணியாப் பாலம் (செவ்வாய், இரவு 8.25)

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட வாப்பாவுக்கும் இதேதான், 79 வயசு. எங்களுக்குச் சலத்தில் இல்லை, வாயில். இரண்டு மாசமா சாப்பாட்டைத் துப்பினார், ஆக்களை அடித்தார். குணம் மாறிட்டுது என்று உம்மா அழுதா. கடைசியாப் பல் டொக்டர்கிட்டக் காட்டினா கடைவாய்ப் பல்லுக்குக் கீழே சீழ். வலிக்குது என்று சொல்ல அவருக்கு வார்த்தை வரல்ல, கை மட்டும் வந்திருக்கு. பல்லைக் கழற்றின ஒரு கிழமையில அடிக்கிறது நின்டுட்டு.

முரசுக் (பல் ஈறு) கிருமிதான் அல்சைமருக்கே காரணம் என்று ஒரு வீடியோவில் சொன்னாங்க. வாத்தியார், உண்மையா?

மடத்தடி வாத்தி (செவ்வாய், இரவு 9.15)

வ அலைக்குமுஸ்ஸலாம். அந்த "கை மட்டும் வந்திருக்கு" என்பதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வீடியோ பாதி உண்மை. 2019இல் ஒரு குழு அல்சைமர் மூளைகளில் முரசு நோய்க் கிருமியின் தடயம் கண்டதாக எழுதியது. அந்தக் கிருமியின் நொதியைத் தடுக்கிற மருந்தை மனிதரில் சோதித்தார்கள், 2021இல் முடிவு வந்தது, நினைவாற்றல் இறங்குவது நிற்கவில்லை. ஆகவே அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முரசு நோய் என்பது வாய்க்குள் ஓயாத ஓர் அழற்சி. அல்சைமர் உள்ளவர்களில் முரசு நோயும் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மறதி கூடிய வேகம் அதிகமாக இருந்ததாக 2016இல் ஒரு சின்ன ஆய்வு, அறுபது பேர் அளவில். சின்னது என்பதால் சத்தியம் பண்ணமாட்டேன். பல் தீட்டிவிட அதெல்லாம் தேவையும் இல்லை.

ஸ்காபரோக் குளிர் (புதன், அதிகாலை 3.50)

இங்கே கனடாவில் அக்கி அம்மைத் தடுப்பூசி போட்டால் மறதி நோய் குறையும் என்று ஒரே கதை. லெக்கனெமாப் என்ற புது மருந்தும் வந்திருக்கு. ஊரில் கிடைக்குமோ? காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

மடத்தடி வாத்தி (புதன், காலை 6.40)

அக்கித் தடுப்பூசிக் கதை பொய் இல்லை. வேல்ஸ் நாட்டில் 2013இல் அந்த ஊசித் திட்டம் தொடங்கியபோது 1933 செப்டம்பர் 2இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மட்டும் என்று கோடு கிழித்தார்கள். ஒரு நாள் முந்திப் பிறந்தவருக்கு இல்லை. மற்றப்படி இரண்டு பக்கத்தாரும் ஒரே மாதிரி ஆட்கள், இதைவிட நல்ல பரீட்சையைத் திட்டமிட்டாலும் செய்ய முடியாது. ஏழு வருசத்தில் ஊசி போட்டவர்களுக்கு மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று 2025இல் வந்தது. நரம்புக்குள் பதுங்கியிருக்கிற வைரஸ் அடிக்கடி கிளம்பி நாயை உசுப்புவது நின்றதாலா, வேறு காரணமா, அது இனித்தான் தெளிய வேண்டும். அதோடு இது மறதி நோய் மொத்தத்துக்கும் வந்த கணக்கு, அல்சைமருக்கு மட்டும் எடுத்தது இல்லை.

லெக்கனெமாப் படிவை அள்ளுகிற மருந்து. அள்ளும் வேலையில் மைக்ரோகிளியாவையும் கூப்பிடுகிறது. ஆரம்ப நிலையில் உள்ள 1,795 பேரில், 18 மாதத்தில் நோய் இறங்கும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கூடவே மூளை வீக்கமும் நுண்கசிவும் வரலாம், அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உவர்மலைக்காரியின் அம்மா ஆரம்ப நிலையைத் தாண்டிவிட்டார். காசு அனுப்ப மனம் இருந்தால் வாரம் இரண்டு நாள் அம்மாவோடு இருக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். மகள் ஒருக்காப் படுத்து எழும்பட்டும்.

உவர்மலைக்காரி (புதன், இரவு 10.30)

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் சும்மா இருந்ததைத்தான் நினைத்து நினைத்து... சரி, அதை விடுவம். இனி ஒவ்வொரு மாதமும் சலம் சோதிக்கட்டுமா மிஸ்? எனக்கு 54, சீனி வருத்தமும் இருக்கு. எனக்கும் வருமா?

பழைய வார்ட் மிஸ் (புதன், இரவு 11.05)

சும்மா மாதா மாதம் சோதிக்க வேண்டாம். வயசு போன பெண்களில் பல பேருக்குச் சலத்தில் கிருமி எப்போதும் இருக்கும், ஒரு தொந்தரவும் செய்யாது. ரிப்போட்டில் கண்டதற்கெல்லாம் அன்டிபயோட்டிக் கொடுத்தால் வயிறு கெடும், கடைசியில் உண்மையான தேவைக்கு மருந்து கேட்காது. ஆளைப் பாருங்கோ. நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கா? சாப்பாடு, நித்திரை, நடை, கதை. திடீரென்று மாறினால் அன்றைக்கே காட்டுங்கோ, "இது வழமையான மறதி இல்லை, நேற்றிலிருந்துதான்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கோ. அந்த ஒரு வசனம் இருந்தால் டொக்டர் வேறு மாதிரி யோசிப்பார்.

கச்சான் அடிக்கிற காலம் தண்ணிதான் முதல் மருந்து. ஒரேயடியாக ஒரு கிளாஸ் குடிக்கமாட்டா. மணிக்கு நாலு மிடறு, இளநீர், கஞ்சி, சொதி, எதுவானாலும். மலச்சிக்கலைப் பார்க்க வேண்டும். முதுகு, குதிக்கால் தோல் சிவந்திருக்கா என்று குளிப்பாட்டும்போது பார்க்க வேண்டும். தண்ணி குடிக்கும்போது புரைக்கேறினால் நிமிர்த்தி இருத்திக் கொடுங்கோ, நெஞ்சுக்குள் போனால் சளி பிடிக்கும்.

உங்களுக்கு வருமா என்று ஒருவராலும் சொல்ல ஏலாது. ஆனால் சீனியையும் பிரஷரையும் கட்டுக்குள் வையுங்கோ, காது கேளாவிட்டால் காட்டுங்கோ, பின்னேரம் உட்துறைமுக வீதியால் நடவுங்கோ. மற்றதை வாத்தியார் சொல்லுவார்.

மடத்தடி வாத்தி (வியாழன், காலை 6.15)

மிஸ் சொன்னதற்கு மேல் அதிகம் இல்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிக்கட்டினால் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. நீரிழிவு, பிரஷர், காது கேளாமை, புகை, கூடாத கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் உண்டு. பலதும் உடம்பில் மெல்லிய அழற்சியை வருசக்கணக்காகக் கனலவிடுகிற சாமான்கள். ஹொனலுலுவில் யப்பானிய வம்சாவளி ஆண்களை 25 வருசம் தொடர்ந்து பார்த்து 2002இல் எழுதினார்கள். நடுவயசில் சிஆர்பி கூடியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. 54 என்பது பிந்திய வயசு இல்லை.

மூன்று நாள் விசயம். என் மனைவிக்கு நெஞ்சுச் சளி பிடித்தபோது நான் இருந்தது ஐந்து நாள். இவ்வளவும் வாசித்தவன்.

உவர்மலைக்காரி (மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.20)

ஒரு புதினம் சொல்ல வந்தேன். போன ஞாயிறு விடிய அம்மா லோஞ்ச்சைப் பற்றிக் கேட்கவில்லை. பிளேன்ரீயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். முந்தி என்றால் அப்பாடா என்று இருந்திருப்பேன். அன்றைக்குத்தான் பயந்தேன். காய்ச்சல் இல்லை, இருமல் கொஞ்சம். ஒன்பது மணிக்கே கொண்டுபோய், மிஸ் சொன்ன வசனத்தை அப்படியே சொன்னேன், "நேற்றிலிருந்துதான்". நெஞ்சைக் கேட்டுப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள், வலப்பக்கம் கீழே சளி. குளிசையோடு வீட்டுக்கே விட்டார்கள். இரவு கொஞ்சம் அலட்டல் இருந்தது, மான் வரவில்லை. வியாழன் விடிய நாலரைக்கு எழுப்பி "லோஞ்ச் போயிட்டுதோ?" என்றார். இல்லை அம்மா, இன்னும் நிக்குது என்றேன்.

இன்றைக்குச் சுளகைக் கொடுத்துப் பார்த்தேன். இலையும் காம்பும் பாதிக்குப் பாதி சட்டிக்குள் வந்தது. அப்படியே வறை வறுத்தேன். அண்ணா வீடியோவில் பார்த்துச் சிரித்தார். மஞ்சள் போத்தல் அலுமாரிக்குள் இருக்கு, உடைக்கவில்லை. சம்பளத்துக்கு ஒரு அக்கா செவ்வாயும் வெள்ளியும் வருகிறா.

பழைய வார்ட் மிஸ் (ஞாயிறு, இரவு 9.41)

நல்லது பிள்ளை. தண்ணி குடிக்கிறாவோ?